வயசாயிருச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி செருப்பைப் பாருங்க

எங்க வீட்டுல ரெண்டு பெரியவங்களைப் பார்த்துக்கிறோம். மதுரை செல்லூர்ல எங்ககூடவே இருக்கிறது எங்க அத்தை, வீட்டுக்காரரோட அம்மா, வயசு 74, சுகரும் பிரஷரும் வந்து ரொம்ப வருசமாச்சு. எங்கப்பா சோழவந்தான் பக்கம் கிராமத்துல அம்மாவோட இருக்காரு, 80ஐத் தாண்டியாச்சு, காலமெல்லாம் வெத்தலைக் கொடிக்கால்ல பாடுபட்ட உடம்பு. இவங்க ரெண்டு பேரையும் கிட்ட இருந்து பார்த்ததுல எனக்கு உறுதியாத் தெரிஞ்ச விசயம் ஒண்ணே ஒண்ணுதான், பெரியவங்க ஒரு வேலையை நிப்பாட்டிட்டாங்கன்னா என்னமோ ஒண்ணு அவங்களைத் தடுக்குது, அது என்னன்னு தேடுனா பெரும்பாலும் சிக்கிரும், சிக்குறதுல நிறைய சரி பண்ணக்கூடியதாத்தான் இருக்கு. "வயசாயிருச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்"னு யாராச்சும் சொல்லிட்டா அதோட தேடுறது நின்னுபோகுது, அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு மனசு பொறுக்க மாட்டேங்குது. நீளமாத்தான் எழுதப்போறேன், பொறுமையாப் படிங்க.

அத்தைக்கு வெள்ளிக்கிழமைன்னா மீனாட்சி அம்மன் கோயில். டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் கிடையாதுன்னு 2021ல ஆனதுல இருந்து யாருகிட்டயும் காசு கேக்காம, யாரையும் தொணைக்குக் கூப்பிடாம, தானே பஸ் ஏறிப்போய் சாமி கும்பிட்டு, வர்றப்ப கொஞ்சம் உதிரி மல்லி வாங்கிட்டு வந்து வீட்டுல உக்காந்து கட்டுவாங்க. அது கொஞ்சம் கொஞ்சமாக் கொறைஞ்சு ஒரு கட்டத்துல நின்னே போச்சு. கேட்டா ஒரு வாரம் முட்டி வலின்னாங்க, ஒரு வாரம் வெயிலுன்னாங்க, ஒரு வாரம் கூட்டமா இருக்கும்னாங்க. நாத்தனார் போன்ல "அம்மாவை இனிமே தனியா விடாதீங்க அண்ணி"ன்னு சொல்லிருச்சு.

வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லாத ஒரு மத்தியானம், ரெண்டு பேரும் பூக்கட்டிக்கிட்டு இருந்தோம், அப்பத்தான் நாரை இழுத்து முடிச்சுப் போட்டுக்கிட்டே தலையை நிமுத்தாம சொன்னாங்க, "பஸ்ல போறப்ப வந்துருச்சுன்னா எங்கிட்டு தாயி போறது?" ஒண்ணுக்குப் போறதைத்தான் சொல்றாங்க. மகன்கிட்டச் சொல்ல முடியாது, மககிட்டச் சொல்லவும் கூச்சம், டாக்டர் ரூம்ல நாலு பேரு நிக்கிறப்ப எங்க சொல்றது.

அப்புறம் ஒவ்வொண்ணாக் கோத்துப் பார்த்தா கதை இப்படிப் போகுது. பிரஷருக்கு அம்லோடிபின்னு ஒரு மாத்திரை போட்டுக்கிட்டு இருந்தாங்க, நிறையப் பேரு போடுறதுதான், நல்ல மாத்திரைதான், ஆனா சில பேருக்குக் கணுக்கால் வீங்கும். அத்தைக்கும் வீங்குச்சு. வீக்கத்துக்குன்னு வேற ஒரு டாக்டர்கிட்டக் காட்டுனப்ப நீர் பிரியுற மாத்திரை எழுதிக் குடுத்தாங்க, அதைக் காலையில போட்டா மத்தியானம் வரைக்கும் கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடையா நடக்கணும். ஒரு மாத்திரை குடுத்த வீக்கத்துக்கு இன்னொரு மாத்திரை, அந்த மாத்திரையால கோயில் நின்னுபோச்சு, வெளிய இருந்து பார்க்குறவங்க கண்ணுக்கு இது மூப்பு. வீட்டுல இருந்த அத்தனை அட்டையையும் சீட்டையும், நாட்டு மருந்துக்கடை சூரணம் வரைக்கும், ஒரு மஞ்சப்பையில போட்டு ஒரே டாக்டர் முன்னாடி கொட்டுனோம், அவரு பொறுமையாப் பார்த்துட்டு பிரஷர் மாத்திரையை மாத்துனாரு, வீக்கம் வடிஞ்சுச்சு, நீர் மாத்திரையும் தேவைப்படல. தயவுசெஞ்சு இதைப் படிச்சுட்டு நீங்களா எதையும் நிப்பாட்டிறாதீங்க, இதய நோய் இருக்கவங்களுக்கு அதே நீர் மாத்திரை உயிரைக் காக்குறது. நான் சொல்றது எல்லா மருந்தையும் ஒரே கண்ணு பார்க்கணும்ங்கிறதைத்தான். அடிக்கடி ஒண்ணுக்கு வர்றதுக்கு சுகர் ஏறுறதும் காரணமா இருக்கும், நீர்த்தொத்தும் இருக்கும், அதான் சிறுநீர்ல கிருமி, ஆம்பளைங்கன்னா ப்ராஸ்டேட் சுரப்பி வீக்கம், தும்முனா இருமுனா கசியுதுன்னா ஒண்ணுக்கை அடக்குற இடுப்படித் தசைக்குப் பயிற்சியே இருக்கு. எல்லாத்துக்கும் வைத்தியம் இருக்கு, ஆனா வாயைத் திறந்து சொன்னாத்தான. தனியா உக்காந்து, வேலை பார்த்துக்கிட்டே, மூஞ்சியைப் பார்க்காம கேளுங்க, சொல்லுவாங்க.

இனி செருப்பு. கால் வீங்கி இருந்த காலத்துல அத்தை மாமாவோட பழைய ரப்பர் செருப்பை மாட்டப் பழகிட்டாங்க, லூசா சவுகரியமா இருக்குன்னு. வீக்கம் போன பெறகும் அதேதான். ஒருநா கடைக்குப் போயிட்டு வந்து வாசல்ல நிக்கிறாங்க, வலது கால்ல செருப்பு இருக்கு, இடது கால்ல இல்ல. "எங்கத்தை ஒத்தைச் செருப்பு"ங்கிறேன், குனிஞ்சு பார்த்துட்டு அவங்களே தெகைச்சுப் போயிட்டாங்க. தெரு முக்குல சாக்கடை மூடி பக்கத்துல கெடந்துச்சு, அங்கிருந்து வீடு வரைக்கும் வெறுங்கால்ல நடந்து வந்தது அவங்களுக்குத் தெரியவே இல்ல. உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தா சின்ன ஜல்லிக்கல்லு ஒண்ணு பதிஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கு, வலியும் இல்ல.

சுகர் நாள்பட்டா நரம்பு மரத்துப்போகும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அது நடையை எப்படிக் கெடுக்கும்னு அன்னைக்குத்தான் விளங்குச்சு. தரை காலுக்குத் தெரியலன்னா கண்ணால பார்த்துப் பார்த்துத்தான் அடி வைக்கணும், இருட்டுல அதுவும் போச்சு, அப்ப ராத்திரி எந்திரிக்கப் பயமாத்தான இருக்கும். டாக்டர் ஒரு நைலான் நூலை வச்சு உள்ளங்கால்ல அங்கங்க குத்தி "தெரியுதா தெரியுதா"ன்னு கேப்பாங்க, ரெண்டு நிமிச வேலை, சுகர் இருக்கவங்க எல்லாரும் வருசத்துக்கு ஒரு தடவையாவது கேட்டு வாங்கிச் செஞ்சுக்கணும். இன்னொண்ணு, மெட்பார்மின் மாத்திரை ரொம்ப வருசம் சாப்பிடுறவங்களுக்கு பி12 சத்து கொறையலாம், அதுலயும் கால் மரக்கும், தள்ளாடும், ஞாபகமும் மங்கும், ரத்தத்துல பார்த்துட்டு ஊசியோ மாத்திரையோ போட்டா சரிபண்ண வாய்ப்பு இருக்கு. இதையும் மூப்புன்னுதான் நிறைய வீட்டுல விட்டுறாங்க.

செருப்பு மாத்தியாச்சு. எம்சிஆர் செருப்புன்னு கேட்டா குடுப்பாங்க, மெத்து மெத்துன்னு இருக்கும், ஆனா பின்னாடி வார் வச்சதா, ஒட்டுற பட்டையா இருக்கணும், வெறும் கட்டைவிரல் வார் வேண்டாம். சாயங்காலம் கால் லேசா உப்பியிருக்கப்பப் போய் அளவு பார்த்து வாங்குங்க. நகமும் பாருங்க, குனிஞ்சு வெட்ட முடியாம தடிச்சு வளைஞ்சு விரலைக் குத்திக்கிட்டு இருக்கும், அதுக்காகவே நடக்காம உக்காந்திருக்க பெரியவங்க இருக்காங்க. கோயில் விசயத்துல ஒரு எச்சரிக்கை, கால் மரத்தவங்க உச்சி வெயில்ல கல்தளத்துல வெறுங்கால்ல நடந்தா கொப்புளம் போட்டுரும், சூடு தெரியாது, வீட்டுக்கு வந்து பார்க்குறப்பத்தான் தெரியும். விடியக்காலையில போங்க, சாக்ஸ் போட்டுக்கங்க, வந்ததும் உள்ளங்காலைப் பாருங்க.

படியைப் பத்திச் சொல்லணும். எங்க வீட்டு மச்சுப்படி முழுக்க ஒரே சிமெண்ட் கலரு, கண்புரை இருக்கவங்களுக்கு அது படியாத் தெரியாது, ஒரே சரிவாத் தெரியும். ஒவ்வொரு படி ஓரத்துலயும் ரெண்டு விரல் அகலத்துக்கு மஞ்ச பெயிண்ட் அடிச்சோம், கால் கிலோ டப்பா போதும். யோசிச்சுப் பார்த்தா நிலைவாசப்படிக்கு வெள்ளிக்கிழமை தவறாம மஞ்ச பூசி குங்குமம் வச்ச வீடுகள்ல பெரியவங்க வாசப்படி தட்டி விழுறது கொஞ்சமாவது கொறைஞ்சுதான் இருந்திருக்கும்னு எனக்குத் தோணுது. அப்புறம் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில காட்டி ரெண்டு கண்ணுக்கும் ஆப்ரேசன் ஆச்சு. ஒரு கண்ணு பண்ணிட்டு "இது போதும்"னு இன்னொண்ணைத் தள்ளிப்போடாதீங்க, ரெண்டு கண்ணும் ஒண்ணா வேலை பார்த்தாத்தான் ஆழம் சரியாத் தெரியும். கிட்டப்பார்வை தூரப்பார்வை ரெண்டும் ஒரே கண்ணாடியில இருந்தா படி இறங்குறப்ப கீழ மங்கலாத் தெரியும், வெளிய நடக்கத் தனிக் கண்ணாடி வச்சுக்கிறது நல்லது.

அரவிந்த்னு சொன்னதும் அதை ஆரம்பிச்ச டாக்டர் வெங்கடசாமியைச் சொல்லாம இருக்க முடியல. இளவயசுலயே முடக்குவாதம் வந்து விரலெல்லாம் கோணிப்போன மனுசன் அவரு, பேனா புடிக்கிறதே கஷ்டம்ங்கிற நிலைமை. அவரு கைக்குத் தோதா கருவிகளைச் செய்ய வச்சு, அதைப் புடிச்சுப் பழகி, ஒரு லட்சத்துக்கு மேல கண் ஆப்ரேசன் பண்ணாரு, 58 வயசுல கவர்மெண்ட் வேலையில ரிட்டையர் ஆகி 1976ல 11 படுக்கையோட இந்த மதுரையில ஆஸ்பத்திரி ஆரம்பிச்சாரு. விரல் கடைசி வரைக்கும் நிமிரல, கருவிதான் மாறுச்சு. எங்க சமையக்கட்டுல நாங்க செஞ்சதும் இதேதான்.

அத்தைக்குக் கட்டைவிரல் அடியில தேய்மானம். குக்கர் மூடி திருப்ப முடியல, திருகு குழாய் மூட முடியல, குடத்தைத் தூக்க முடியல. சொந்தக்காரங்க சொன்னது "அவங்களுக்கு என்னத்துக்கு இனிமே அடுப்படி, உக்காந்து டிவி பார்க்கட்டும்". அத்தை மூஞ்சி செத்துப்போச்சு. குழம்பு வச்சு நாலு பேருக்குப் போட்ட கை அது. அதனால அடுப்படியை நிப்பாட்டல, குழாயைத் தட்டுனா திறக்குற நீட்டுக் கைப்பிடி வச்சதா மாத்துனோம். குடத்துல இருந்து மொள்றதுக்குப் பதிலா மேடை மேல குழாய் வச்ச டிரம். அருவாமனை மேல ஏறி உக்காந்து குனிஞ்சு நறுக்குறதை விட்டுட்டு சேர்ல உக்காந்து மடியில தாம்பாளம், தடிச்ச கைப்பிடி கத்தி, மெல்லிசுக் கைப்பிடியில துணியைச் சுத்தி நூலால கட்டிட்டாப் போதும். அன்றாடம் எடுக்குற புளி, பருப்பு டப்பாவெல்லாம் இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவுல இருக்க தட்டுக்கு வந்துருச்சு, பரணு பக்கமே போறதில்ல, ஸ்டூல் போட்டு ஏறுறதை அடியோட ஒழிச்சாச்சு. குக்கரை மட்டும் நான் திறந்து குடுப்பேன். ஒரு வேலையில அவங்களால முடியாத ஒரு துண்டு இருக்கும், அந்தத் துண்டை மட்டும் வாங்கிக்கங்க, முழு வேலையையும் புடுங்காதீங்க.

பாத்ரூம். துண்டு போடுற கம்பியைப் புடிச்சு எந்திரிக்கிறது பெரியவங்க எல்லாருக்கும் பழக்கம், அது ஆள் கனத்தைத் தாங்காது, ஒருநா சுவத்தோட பேந்து வரும். கைப்பிடிக் கம்பின்னே தனியா விக்கிது, டைல்ஸோட நிக்காம செங்கல் வரைக்கும் துளைபோட்டு மாட்டச் சொல்லுங்க, மாட்டுனதும் உங்க வீட்டுல கனமான ஆளைத் தொங்கிப் பார்க்கச் சொல்லுங்க. பிளாஸ்டிக் சேரை உள்ள போட்டு குளிக்க வைக்காதீங்க, ஈரத்துல காலை விரிச்சுக்கிட்டு வழுக்கும், ரப்பர் புஷ் வச்ச ஸ்டீல் ஸ்டூல் நல்லது. வாசல்ல பழைய சேலையை மடிச்சு மிதியடியாப் போடுவோம்ல, அது மொசைக் தரையில வண்டி மாதிரி ஓடும், எடுத்துருங்க. தாப்பா வெளிய இருந்தும் திறக்குற மாதிரி இருக்கணும். இதுக்கு மேல பாத்ரூமுக்குப் பெருசா செலவு பண்ண வேண்டியதில்ல.

இப்ப அப்பா கதை. அவருக்கு நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில படுக்க வேண்டியதாச்சு. நெஞ்சு சரியாகி வீட்டுக்கு வந்தாரு, ஆனா நிக்க முடியல. போறப்ப நடந்து போன மனுசன், வர்றப்ப ரெண்டு பேரு தூக்கி இறக்குனோம். வயசானவங்க படுத்தே கெடந்தா தொடைச் சதை வேகமாக் கரையும், இளசுங்களை விட வேகமா, திரும்ப வளர்க்குறதுக்கு அதைவிட ரொம்ப நாளாகும். பார்க்க வந்தவங்க எல்லாம் "நல்லா ரெஸ்ட் எடுங்கய்யா"ன்னுட்டுப் போறாங்க, அந்த ரெஸ்ட்டுதான் அவரைக் கவுத்துக்கிட்டு இருந்துச்சு.

மக்களைத் தேடி மருத்துவம்னு 2021ல இருந்து நடக்குதுல்ல, அதுல பிரஷர் சுகர் மாத்திரை வீட்டுக்கு வர்றது மட்டும்தான் நிறையப் பேருக்குத் தெரியும், பிசியோதெரபியும் அதுல உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்துல சொல்லி வச்சோம், ஒரு பொண்ணு வந்துச்சு. வந்ததும் காலைப் புடிக்கல, மொதல்ல கேட்டது "அய்யா, நல்லாயிட்டா மொதல்ல எங்க போகணும்?" அப்பா யோசிக்கவே இல்ல, "டீக்கடைக்கு"ன்னாரு. அதுக்கப்புறம் எல்லாப் பயிற்சியும் டீக்கடைக்குப் போறதுக்குத்தான். சுவரோரமா சேரைப் போட்டு, ரெண்டு தலகாணி வச்சு உசரமாக்கி, கையை ஊனி எந்திரிச்சு உக்கார்றது, பெறகு ஒரு தலகாணி, பெறகு வெறும் சேரு, பெறகு கையைக் கட்டிக்கிட்டு. ஜன்னல் கம்பியைப் புடிச்சுக் குதிகாலைத் தூக்கி இறக்குறது. அய்யனாரு கோயில் கல்லு வரைக்கும் நடந்து உக்கார்றது, அங்க இருந்து கடை. அம்மா பக்கத்துல நடப்பாங்க, கையைப் புடிக்க மாட்டாங்க, அந்தப் பொண்ணு அப்படித்தான் சொல்லிக்குடுத்துச்சு.

அந்தப் பொண்ணு ஒரு சோதனையும் சொல்லுச்சு, வீட்டுலயே பார்க்கலாம். சேர்ல இருந்து எந்திரிச்சு 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உக்காரணும், எப்பவும் நடக்குற வேகத்துல. 12 செகண்ட் அல்லது அதுக்கு மேல ஆச்சுன்னா விழுற ஆபத்து இருக்குன்னு எடுத்துக்கிட்டு டாக்டரைப் பார்க்கணும். கூடவே ஒரு ஆளு நிக்காம இதைச் செய்யாதீங்க.

சாப்பாட்டுலயும் ஒரு விசயம் புடிபட்டுச்சு. அப்பா கஞ்சியும் ரசமும் மட்டுமே கேட்டுக்கிட்டு இருந்தாரு, பசி இல்லைன்னு நெனைச்சோம், பார்த்தா பல்செட்டு லூசு, மெல்ல முடியல. சதை வளரணும்னா புரதம் வேணும், பெரியவங்களுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 1ல இருந்து 1.2 கிராம்னு சொல்றாங்க, 55 கிலோ ஆளுக்கு 55 கிராமுக்குக் கொறையக்கூடாது, ஒரு முட்டையில 6 கிராம்தான் இருக்கு, கஞ்சியில எங்க வரப்போகுது. பல்செட்டைச் சரிபண்ணி, பாசிப்பயறு, முட்டை, தயிரு, மீனுன்னு மாத்துனோம். கிட்னி கோளாறு இருக்கவங்க மட்டும் டாக்டரைக் கேட்டுத்தான் கூட்டணும்.

நடுவுல ராத்திரி எந்திரிக்கிறப்ப கிறுகிறுப்புன்னாரு. ப்ராஸ்டேட் மாத்திரை சிலது நிக்கிறப்ப பிரஷரை இறக்கிவிடும். வீட்டு மிஷின்ல அஞ்சு நிமிசம் படுக்க வச்சு ஒரு தடவை, எந்திரிச்சு நின்னு 1 நிமிசத்துலயும் 3 நிமிசத்துலயும் ஒரு தடவை பாருங்க, மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 கொறைஞ்சா அந்தச் சீட்டை எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்டப் போங்க. உக்கார்ந்த நிலையில மட்டும் பார்த்தா இது மாட்டாது.

டாக்டருங்க இந்த அன்றாட வேலைகளை ரெண்டு பட்டியலாப் பார்ப்பாங்க. 1963ல காட்ஸ்ங்கிறவங்க குழு எழுதுனதுல குளிக்கிறது, உடுத்துறது, கக்கூஸ் போறது, படுக்கையில இருந்து எந்திரிச்சு மாறுறது, ஒண்ணுக்கு ரெண்டுக்கு அடக்கிக்கிறது, சாப்பிடுறதுன்னு ஆறு. 1969ல லாட்டன், பிராடி எழுதுனதுல போன், கடைகண்ணி, சமையல், வீட்டு வேலை, துணி, போக்குவரத்து, மாத்திரை, பணம்னு எட்டு. பொதுவா ரெண்டாவது பட்டியல்தான் மொதல்ல ஆடும், அதனால அதைக் கவனிச்சுக்கிட்டே இருங்க. சில்லறைக் கணக்கு தப்புது, ஒரே மாத்திரையை ரெண்டு தடவை போடுறாங்க, தெரிஞ்ச தெருவுல வழி தடுமாறுறாங்கன்னா நரம்பு டாக்டர்கிட்டக் காட்டுங்க. ஆனா கண்ணு தெரியாததால நோட்டு மாறிக் குடுக்குறதையும், காது கேக்காததால போனை எடுக்காம விடுறதையும் மறதின்னு முத்திரை குத்திறாதீங்க. அத்தை சுருக்குப் பையில 500 ரூவாய்த் தாளை மட்டும் ஊக்கு குத்தித் தனியா வச்சிருக்காங்க, கணக்குல ஒரு ரூவா பிசகாது.

கையில காசு இருக்கணும். பெரியவங்களோட ஏடிஎம் கார்டை வாங்கிப் பத்திரமா வச்சுக்கிறோம்னு வச்சுக்கிட்டு அவங்களைப் பத்து ரூவாய்க்கு நம்மகிட்ட நிக்க வைக்கிறது ரொம்பத் தப்பு. அதுக்கும் மேல காசையோ சொத்தையோ வச்சுக்கிட்டுக் கொடுமைப்படுத்துறது நடந்தா 14567ங்கிற முதியோர் உதவி எண் இருக்கு, கூப்பிடுங்க, 2007 சட்டத்துல பிள்ளைங்க மேல ஜீவனாம்சம் கேக்கவும் வழி இருக்கு. ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ் சான்று குடுக்க பேங்க்ல வரிசையில நிக்க வேண்டியதில்ல, தபால்காரர் வீட்டுக்கே வந்து பதிவு பண்ணுவாரு, ரேகை தேஞ்சவங்களுக்கு முகத்தை வச்சும் பண்ணலாம்.

எங்க வீட்டுல இப்ப ஓடிக்கிட்டு இருக்க பஞ்சாயத்து சைக்கிள். அப்பா டீக்கடைக்கு நடந்து போயிட்டு வர்றாரு, இனிமே கொடிக்கால் வரைக்கும் சைக்கிள்ல போகணுமாம், "இந்த வயசுல சைக்கிளா"ன்னு அண்ணன் குதிக்கிறாரு. கழுத்தைத் திருப்பிப் பின்னாடி பார்க்க முடியுதா, ஒத்தைக் கால்ல 10 செகண்ட் நிக்க முடியுதா, ஹாரன் சத்தம் எந்தப் பக்கம்னு காதுக்குத் தெரியுதான்னு பார்த்துட்டு முடிவு பண்ணலாம்னு நான் சொல்லியிருக்கேன். காது மிஷின் வாங்கியாச்சு, போடத்தான் மாட்டேங்குறாரு, இரையுதாம், திரும்பக் கொண்டுபோய் அளவு வைக்கணும். உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு யாராச்சும் மூணு சக்கர சைக்கிள் வாங்கிக் குடுத்திருந்தா, வரப்பு ரோட்டுல அது சாயாம போகுதான்னு சொல்லுங்க.